நானூத்திப் பன்னிரண்டாவது தப்பு

"சோறு போட்ட கம்பெனியிலயே கன்னம் வெச்சிருக்கா இவ!"

முதலாளி மேஜையைத் தட்டின தட்டுல என் காபி தளும்பிடுச்சு. எதிரே மேப் அக்கா தலை குனிஞ்சு உட்கார்ந்திருந்தாங்க.

நாங்க கம்ப்யூட்டர் கேம் பண்றவங்க. ஒரு பெரிய ஊர், அதுல நீங்கதான் ரவுடி. கார் திருடலாம், பேங்க்ல கொள்ளையடிக்கலாம், போலீஸ் துரத்தினா சந்து பொந்தெல்லாம் புகுந்து ஓடலாம். அந்தச் சந்து பொந்தெல்லாம் வரைஞ்சது இந்த அக்காதான், அதனால மேப் அக்கா.

ரெண்டு வருஷம் முன்னாடி வேலையை விட்டாங்க. வீட்டு முன்னறையில உட்கார்ந்து, வீட்டுக்காரரும் இவங்களுமா சொந்தமா ஒரு கேம் பண்ணாங்க. போன மாசம் வெளியாச்சு. ஊரே விழுந்து விழுந்து விளையாடுது. எங்க முதலாளிக்கு வயித்தெரிச்சல் தாங்கல.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்த கேமை எடுத்துடணும். இல்லேன்னா கோர்ட்டுதான்!"

"சார், ரெண்டு வருஷ உழைப்பு சார்." அக்கா நிமிர்ந்தாங்க. "எங்களுக்கு வேற பொழப்பே இல்லை. நான் எதையும் காப்பியடிக்கல."

"அடிக்கலையா? வக்கீலம்மா, நீங்களே சொல்லுங்க. நம்ம கேம்ல கார் திருடறான். அவ கேம்லயும் கார் திருடறான்!"

எங்க கம்பெனி வக்கீலம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. "சார், கார் திருட்டை நாமதான் கண்டுபிடிச்சோம்னு ஜட்ஜ்கிட்ட சொல்ல முடியாது."

"அதை விடுங்க. அந்த நானூத்திப் பன்னிரண்டை எடுங்க!"

எங்க கேம்ல இருக்கற தப்பையெல்லாம் நம்பர் போட்டு எழுதி வெப்போம். நானூத்திப் பன்னிரண்டாவது தப்பு, நாலு ரோடு சந்திக்கற இடத்துல ஒரு சிக்னல். சிவப்பும் பச்சையும் ஒண்ணா எரியும். திருத்த நேரமில்லாம அப்படியே வெளியிட்டுட்டோம்.

"அதே சிக்னல் அவ கேம்லயும் இருக்கு. அதே மாதிரி ரெண்டும் எரியுது!" முதலாளிக்கு முகமெல்லாம் சந்தோஷம். "நல்லதைக் காப்பியடிச்சாக்கூட ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம். தப்பைக் காப்பியடிச்சா மாட்டிக்க வேண்டியதுதான். உலகத்துல எங்கேயாவது சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரியுமா?"

வக்கீலம்மாவும் தலையாட்டினாங்க. "இது ஸ்ட்ராங் பாயிண்ட்தான்மா. என்ன சொல்றே?"

போச்சுடா, அக்கா கதை முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

அக்கா எழுந்தாங்க. நேரா ஜன்னல்கிட்டப் போய்த் திரைச்சீலையை விலக்கினாங்க.

எங்க ஆபீஸ்ல ஜன்னலைத் திறக்கறதே கிடையாது. வெளிச்சம் விழுந்தா மானிட்டர் தெரியாது. முதலாளி கார்ல வந்து இறங்கற வரைக்கும் போனைத்தான் பார்த்துக்கிட்டு வருவார். நானும் அப்படித்தான், சும்மா சொல்லக் கூடாது.

"கீழே பாருங்க சார்."

பார்த்தோம். வாசல்ல நாலு ரோடு. நடுவுல சிக்னல். சிவப்பும் பச்சையும் ஜம்முனு சேர்ந்து எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. அதுக்குக் கீழே ஒரு டிராஃபிக் போலீஸ்காரர், வாயில விசிலும் கையில குடையுமா, எந்தப் பக்கத்தை விடறதுன்னு தெரியாம நாலு பக்கமும் திட்டிக்கிட்டிருந்தார்.

"நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து இப்படித்தான் எரியுது. பஸ்ஸை விட்டு இறங்கினா தினம் இதைத் தாண்டித்தான் வருவேன். பார்த்ததைத்தான் வரைஞ்சேன். அப்பவும், இப்பவும்."

"இந்தப் போலீஸ்காரரும் அவங்க கேம்ல இருக்கார் சார்," வக்கீலம்மா சிரிப்பை அடக்கிக்கிட்டாங்க. "என் பொண்ணு அவரைப் பார்க்கறதுக்காகவே விளையாடறா."

வக்கீலம்மா ஃபைலை மூடினாங்க.

"கேஸ் வேண்டாம் சார். போட்டா, இந்த ஒரு சிக்னல் இதோ வாசல்லேருந்து வந்துச்சு, நம்ம கேம்ல மீதி ஊர் எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க."

எல்லார் கண்ணும் சுவத்துல இருந்த டீவி பக்கம் போச்சு. உலகமே விளையாடற ஒரு பெரிய வெளிநாட்டு கேம் அதுல நாள் பூரா ஓடிக்கிட்டே இருக்கும். எங்க தெரு, எங்க பாலம், எங்க பேங்க், எங்க ரவுடி போட்டிருக்கற சட்டை வரைக்கும் எல்லாம் முதலாளி அதுலேருந்து எடுக்கச் சொன்னதுதான். கேட்டா, அதுக்கு இன்ஸ்பிரேஷன்னு பேர் வெச்சிருக்கார்.

அவர் தொண்டையைக் கனைச்சார். "சரி, போ. பழகின பொண்ணாச்சேன்னு பெரிய மனசு பண்ணி விடறேன். இனிமேயாவது சொந்தமா யோசிக்கக் கத்துக்கோ."

அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, என்னைப் பார்த்து லேசா சிரிச்சுட்டுப் போனாங்க. எனக்கு எழுந்து கைதட்டணும் போல இருந்துச்சு. மாசச் சம்பளக்காரன், மிச்சக் காபியைக் குடிச்சேன்.

முதலாளி ஜன்னலை விட்டு நகரவே இல்லை. கீழேயே பார்த்துக்கிட்டிருந்தார். பரவாயில்லையே, மனுஷனுக்குப் புத்தி வந்துடுச்சு போலன்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

"அந்தப் போலீஸ்காரர் நல்லாத்தான் இருக்கார்யா," மெதுவாச் சொன்னார். "நம்ம அடுத்த கேம்ல அவரைப் போட்டுடு."

எனக்கு ஒரே குஷி. "இப்பவே கீழே போய் நாலு போட்டோ எடுத்துட்டு வந்துடறேன் சார்!"

"எதுக்குய்யா வெயில்ல அலையறே?" திரைச்சீலையை இழுத்து மூடினார். "அவ கேமைத் திறந்து வெச்சுக்கிட்டு அப்படியே போடு."