ஆடாமல் அசையாமல்

மேனேஜர் வீட்டுக்கு வருவதற்குள் அவர் அழுத வீடியோ வந்துவிட்டது. ஆபீஸ் கொடிக்கம்பத்தின் கீழே, பக்தி முற்றி வெறுங்காலோடு, தேசிய கீதம் முடியும்வரை தாரை தாரையாகக் கண்ணீர் விட்டபடி நிற்கிறார். அதைப் பார்த்துக் கேஷியரும் மூக்கைச் சிந்துகிறார்.

"ஊரே உருகுதுங்க," என்றாள் மனைவி. "எங்கப்பா செத்தப்பகூட உங்களுக்கு ஒரு சொட்டு வரலை."

அவர் சாக்ஸை உருவினார். கட்டைவிரல் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது.

"பக்கத்துல நின்ன வாட்ச்மேன், பூட்ஸ் காலால மிதிச்சிட்டே நின்னுட்டான்."

"காலை எடுன்னு சொல்றதுக்கென்ன?"

"கண்ணாலயே கெஞ்சினேன். இன்னும் விறைப்பா சல்யூட் அடிச்சு அழுத்தறான்."

"அவனுக்கு அவ்வளவு திமிரா?"

"பாட்டு முடியறதுக்குள்ள அசையறவன் தேசத்துரோகி, சீட்டைக் கிழிச்சிடுவேன்னு நேத்து அவனை மிரட்டினதே நான்தானே."