கடைசி வீட்டுக் கதவு

2023 ஜூன் 14, அரியலூர். கீழப்பழுவூர் பக்கத்து ஏரிக்கரை வீடுகளை ஆக்கிரமிப்பு என்று இடிப்பதற்கு முன் ஒரு விசாரணை நடந்தது. வேணி ஒரு பழைய புத்தகத்தை மேசையில் விரித்தாள். அதே ஏரிக்கரையை 1851-இல் ஒரு வெள்ளைக்காரர் தீட்டிய நீர்வண்ண ஓவியம்; ஆறு கூரை வீடுகள்.

"கடைசி வூடு எங்களதுங்க சார். அப்பவே இருக்கோம்."

"எல்லாக் கூரையும் ஒண்ணுபோல இருக்கு. இதுதான் உன் வீடுன்னு எப்படிம்மா சொல்றே?" என்று அதிகாரி சிரித்தார்.

"கதவப் பாருங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். போன வாரம் அவர் ஒட்டிய நோட்டீஸ் ஓவியத்தின் கடைசி வீட்டுக் கதவில் தீட்டப்பட்டிருந்தது, அவருடைய பச்சை மைக் கையெழுத்தோடு. பாதி கிழிந்திருந்தது.

"கிழிச்சது நான்தாங்க. இன்னொண்ணு ஒட்டுனாலும் கிழிப்பேன்" என்றாள் வேணி.

இடிப்பு உத்தரவை அவர் அன்றே ரத்து செய்தார். காரணம் எழுதும் கட்டத்தை நிரப்பவில்லை.