அரசி வரும்வரை

புதுக் கயிற்றில் தாலியைக் கோத்துக் கணவர் உள்ளங்கையில் வைத்தாள்.

தலையைக் குனிந்துகொண்டாள்.

இனி கெட்டிமேளம் கொட்டவேண்டியதுதான் பாக்கி.

மீனாட்சியம்மன் மணக்கோலத்தில் இருந்தாள். இங்கிருந்து மேடை எங்கே தெரிகிறது? வீதியில் கட்டியிருந்த பெரிய திரையில்தான் பார்க்க முடிந்தது. மதுரையில் பாதிச் சனம் தரையில் உட்கார்ந்திருந்தது. வளையல்காரன் ஒருபக்கம், பலூன்காரன் ஒருபக்கம், நீர்மோர்ப் பந்தலில் தள்ளுமுள்ளு. பாழாய்ப்போன சித்திரை வெயில் வேறு.

அம்மன் கழுத்தில் தாலி ஏறுகிற நேரத்தில் பெண்கள் தங்கள் தாலிக்கயிற்றை மாற்றிக்கொள்வார்கள். தாங்களேதான் மாற்றிக்கொள்வார்கள். அவளுக்கு மட்டும் வருஷா வருஷம் அவர் கையால் கட்டவேண்டும். கல்யாணமான புதிதில் பிடித்த பிடிவாதம், விடவேயில்லை.

"குனி அரசி, இன்னுங் கொஞ்சம் குனி. மனசுல புதுப்பொண்ணுன்னு நெனப்பு" என்று அலுத்துக்கொள்வார்.

அலுப்பெல்லாம் வாயோடு சரி. முடிச்சுப் போடும்போது நாக்கைத் துருத்திக்கொண்டு அத்தனை கவனமாகப் போடுவார்.

போன ஆடியிலிருந்து அவருக்கு எல்லாம் குழம்பிப்போயிற்று. மகனைத் தம்பி என்கிறார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, சோறு எங்கே என்கிறார்.

அவளை மட்டும் தெரிந்தது. ஒருநாளும் நீ யார் என்று கேட்டதில்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நாளை ஓட்டினாள்.

கூட்டத்தில் அப்பாவைத் தொலைத்துவிட்டு வரப்போகிறாய் என்று மகன் தலைபாடாய் அடித்துக்கொண்டான். அதற்காகத்தான் முந்தானை நுனியை அவர் மணிக்கட்டில் முடிந்திருந்தாள்.

கெட்டிமேளம் கொட்டியது.

வீதி முழுக்கக் குலவைச் சத்தம். சுற்றியிருந்த பெண்கள் புதுக்கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

அவள் குனிந்தபடியே இருந்தாள். கழுத்து வெறுமையாய் இருக்கக் கூடாதென்று கட்டியிருந்த மஞ்சள் கிழங்கு தொண்டைக்குழியில் உறுத்தியது.

குனி என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். முடிச்சுப் போட வராவிட்டால் போகிறது, கழுத்தில் போட்டாலே போதும்.

தாயே, இந்த ஒரு தடவை.

மேளம் அடங்கியது.

நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் தள்ளி உட்கார்ந்திருந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்துவிட்டிருந்தார். தாலியைக் கைக்குள் இறுக மூடிவைத்திருந்தார்.

"தப்பும்மா. இது எஞ் சம்சாரத்தோடது. ஒங்களுக்கு எப்பிடிக் கட்டுறது?"



"நாந்தாங்க..." என்று வாயெடுத்தாள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த வீட்டுப் பெண்ணை ஏறிட்டுப் பார்க்கக் கூசுகிற மனுஷர். என்றைக்கும் அப்படித்தான்.

எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"அரசீ... ஏ அரசீ!"

அந்தக் குரலுக்கு அடுப்படியிலிருந்தும் மாடியிலிருந்தும் ஓடிவந்தே பழகியவள். வந்துட்டேன் என்று வாய்வரை வந்துவிட்டது.

எங்கிருந்து வருவது?

"இங்கனதான் இருந்தா. எங்கிட்டுப் போனான்னு தெரியல" என்றார். குரல் உடைந்தது. சின்னப் பிள்ளைபோல அழ ஆரம்பித்தார்.

அவளைக் காணோம் என்றுதான் அழுகிறார். பாவி மனுஷன். இத்தனை வருஷத்தில் அவள் முன்னால் அவர் அழுததே இல்லை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவுக வர்ற வரைக்கும் நான் இப்பிடி ஓரமா ஒக்காந்திருக்கட்டுமாய்யா?"

அவர் யோசித்தார். கைக்குள் இருந்ததை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்து, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"ஒக்காருங்க. அவ வந்ததும் எந்திரிச்சிரணும். பாத்தா சங்கடப்படுவா."

"எந்திரிச்சிர்றேன்" என்றாள் மங்கையர்க்கரசி.