நாலு விரல் கூடுதல்

அசர் தொழுகைக்கு முன்னால் றிஸ்லாவுக்கு வெட்டி முடிக்க வேண்டும். ஹவ்வாவின் கத்தரிக்கோலோ துணியைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியது.

வெள்ளைத் துணி. ஓடுகிற பிள்ளைக்கு வெள்ளை உடுத்தக் கொடுக்கிறவர்களுக்கு வியர்வையும் தெரியாது, மாத்தளை மண்ணும் தெரியாது என்று ஒரு முறை பேட்டியில் ஏசியவள் அவள்.

பேட்டியெல்லாம் பிறகு வந்தது. முதலில் பலாபத்வலப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் வெள்ளைக்காரிகள் ஓடுவதற்குக் காற்சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். நம் பிள்ளைகளும் மறைத்துக்கொண்டு ஓடட்டுமே என்று ஒருநாள் சொந்தமாக ஒன்றைத் தைத்தாள்.

அது தலையணை உறைக்குத் தங்கச்சி மாதிரி இருந்தது.

வாப்பாமார் இறுக்கம் என்றார்கள். விளையாட்டு டீச்சர் தொளதொள என்றார். இரண்டு பக்கமும் ஏசினால் அளவு சரிதான் என்று ஹவ்வா முடிவு கட்டிவிட்டாள்.

அதைப் போட்டுக்கொள்ள ஊரில் ஒருத்திதான் துணிந்தாள். அடுத்த வீட்டு றிஸ்லா. ஓட்டப்போட்டியில் பாதி மைதானம் வரை பறந்தாள். எங்கும் தொளதொளத்த உடுப்பு, தளர்வு வேண்டிய இடத்தில் மட்டும் இறுக்கம். தொடைப்பக்கம் தையல் விட்டுப்போனது. பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டே ஓடிக் கடைசியாக வந்தாள்.

ஹவ்வாதான் அழுதாள். றிஸ்லா சிரித்தாள்.

"நான் காலை நீட்டி வெக்கிறவ மாமி. எனக்கு நாலு விரல் கூட விட்டு வெட்டுங்க."

அந்த நாலு விரல்தான் ஹவ்வாவின் மொத்த டிசைனும். அது கொழும்புக்குப் போனது, டுபாய்க்குப் போனது, கண்ணாடிக் கேடயமாகத் திரும்பி வந்து அலுமாரியில் உட்கார்ந்தது. ஆனாலும் புதிதாக எதைத் தைத்தாலும் றிஸ்லா போட்டு முற்றத்தில் ஓடிக் காட்டினால்தான் ஹவ்வாவுக்குத் திருப்தி. இரண்டு பிள்ளைக்குத் தாயான பிறகும் அவள் ஓடினாள். கோழிகள் நாலா பக்கமும் சிதறும்.

இன்று அளவுநாடா கழுத்தில் சும்மா தொங்கியது. காய்ச்சலில் மெலிந்துபோனாள் என்று யாரோ சொன்னார்கள். ஹவ்வா காதில் வாங்கவில்லை. றிஸ்லாவின் அளவு அவள் கைக்குத் தெரியும்.

வெட்டி முடித்ததும் பழக்கத்தில் விரல் ஊசியைத் தேடியது. இதற்கு ஊசி தேவையில்லை என்பது பிறகுதான் நினைவு வந்தது.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஜெஸீமா ராத்தா உள்ளே வந்தாள். ஊரில் மௌத்தான பெண்களைக் கடைசியாகக் குளிப்பாட்டுகிறவள். அவளோடு கற்பூர வாசமும் வந்தது. துண்டுகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். ஒன்றில் கை நின்றது.

"கபன் துணிக்கு ஏன் புள்ள இவ்வளவு அகலம்?"

"அவ காலை நீட்டி வெக்கிறவ ராத்தா."

ஜெஸீமா ராத்தா கத்தரிக்கோலை எடுத்தாள். ஹவ்வாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அதை வைத்துவிட்டு, கூடுதலாக இருந்த நாலு விரலை மெதுவாக உள்ளே மடித்துக்கொண்டாள்.