நடுவில் ஒரு ஓட்டை

புது போன் வெளியாகிவிட்டது. கேமரா ஓரத்தில் இருந்தது.

ஜோசியர் கண்ணைக் கசக்கிக்கொண்டு டிவியை இன்னொரு முறை பார்த்தார். அப்போதும் ஓரத்தில்தான் இருந்தது.

ஜோசியர் என்றால் கட்டம் பார்ப்பவர் இல்லை. பகலில் குழாய் விற்கும் கம்பெனியில் வேலை. சாயங்காலம் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இனி வரப்போகும் போன்கள் எப்படி இருக்கும் என்று யூடியூபில் அடித்துச் சொல்வார். ஆபீசில் வைத்த பெயர் அது. பட்டனே இருக்காது என்று அவர் சத்தியம் செய்த போன், கூடுதலாக ஒரு பட்டனோடு வந்தது. மடிக்கலாம் என்று சொன்ன போனை யாரோ ஒருவர் நிஜமாகவே மடித்துப் பார்த்துவிட்டு அவரைக் கண்டபடி திட்டி எழுதினார். ஆனாலும் மனிதர் சளைக்கவில்லை.

இந்த முறை, "கேமரா பின்பக்கம் நட்டநடுவில், வட்டமாக வரும்" என்று சொல்லியிருந்தார். எல்லாரும் சிரித்தார்கள். ரோஷம் வந்துவிட்டது. மனைவியின் தம்பி செல்போன் கவர் கடை வைத்திருக்கிறான். மறுநாள் மனைவியையும் அழைத்துக்கொண்டு அங்கே போனார். நடுவில் வட்ட ஓட்டையோடு கவர்கள் முன்வரிசையில் தொங்கின. "போனுக்கு முன்னாலேயே கவர் வந்துவிட்டது, இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?" என்று படம் பிடித்துப் போட்டார். அவர் அதுவரை காணாத கூட்டம் அதைப் பார்த்தது.

மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். டிவியைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"அன்னிக்குத் தொங்குச்சே நடு ஓட்டைக் கவர், என் தம்பி மொத்தமும் அப்படியேதான் வாங்கி வச்சிருக்கானா?"

"அவனாதான் வாங்கினான். நான் வாங்கச் சொல்லல."

"நீங்க சொன்னீங்கன்னுதானே வாங்கினான்? போன் வந்த மொத வாரம்தான் கவர் விக்கும்னு சொல்வான். இந்தக் கடை ஒண்ணை வச்சுதான் அவன் குடும்பமே ஓடுது."

ஜோசியர் டிவியை அணைத்தார். மனைவிக்குத் தெரியாத ஒன்று இருந்தது. கவருக்கு அச்சு செய்கிற ஒருவர் வீடியோவுக்குக் கீழே முன்பே எழுதியிருந்தார்: "அண்ணே, கேமரா ஓரத்துலதான். அச்சு என் கையில இருக்கு." வீடியோ ஓஹோவென்று ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. சத்தமில்லாமல் அந்தக் கமெண்டை அழித்துவிட்டார். மச்சினனிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் தன் கணிப்பு தப்பு என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடுமே.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கம்பெனிக்காரன் கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டான் என்று சொல்வதாக உத்தேசம். வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார்.

கடை வாசலில் கூட்டம். கவர் பொருந்தவில்லை என்று சண்டைக்கு வந்தவர்கள் என்றுதான் அவருக்குத் தோன்றியது. திரும்பிவிடலாமா என்று பார்த்தார். அதற்குள் மச்சினன் பார்த்துவிட்டான்.

"வாங்க மாமா. உள்ள வந்து உக்காருங்க."

"கம்பெனிக்காரன் கடைசி நேரத்துல..." என்று ஆரம்பித்தார். அவனுடைய களைத்த முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை. "இல்ல மாப்ள. ஓரத்துலதான் வரும்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் உன்கிட்ட சொல்லாம விட்டுட்டேன். என்னாலதான் உனக்கு இவ்வளவு நஷ்டம்."

"என்ன நஷ்டம்?"

அப்போதுதான் கவனித்தார். மேசை மேல் பெட்டி பெட்டியாகக் கவர்கள். எல்லாவற்றிலும் ஓட்டை ஓரத்தில் இருந்தது. சனங்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஓரத்துல வரும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மச்சினன் நெளிந்தான். "உங்க வீடியோ பாத்துதான் மாமா."

"நான் நடுவுலன்னுல்ல சொன்னேன்?"

"ஆமா. நீங்க சொல்லிட்டீங்கன்னா அங்க வராதுன்னு அர்த்தம். நடுவுல இல்லன்னா வழக்கம்போல ஓரம்தானே. கடை ஆரம்பிச்சதுலேர்ந்து அப்படிப் பாத்துதான் சரக்கு எடுக்கறேன். ஒரு தடவைகூட நீங்க என்னைக் கைவிட்டதில்ல."

மனசிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. கூடவே மானமும் இறங்கிப் போனது. ஜோசியர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்புறம்தான் வேறொன்று உறைத்தது.

"அப்ப அன்னிக்கு முன்னால தொங்குச்சே, நான் படம் பிடிச்ச கவர்? அது எங்கேர்ந்து வந்துச்சு?"

மச்சினன் கையிலிருந்த கவரை மாட்டிக்கொடுத்து ஒருவரை அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"ஆதாரம் காட்டணும், கேமராவோட வர்றேன்னு முந்தின நாள் போன் பண்ணீங்க. அக்காவும் வர்றான்னீங்க. இங்க பாத்தா எல்லாமே ஓர ஓட்டை. அக்கா முன்னாடி உங்க முகம் வாடிடக் கூடாதேன்னு எல்லாத்தையும் உள்ள தூக்கி வச்சுட்டு, ஓட்டையே இல்லாத பழைய கவர் கொஞ்சம் எடுத்து, நான்தான் பிளேடால நடுவுல வெட்டித் தொங்கவிட்டேன். எனக்கு வட்டம் சரியா வெட்ட வரல மாமா. நல்லவேளை, அந்தக் கோணலைத்தான் புது டிசைன்னு வீடியோவுல சொல்லி நீங்க என்னைக் காப்பாத்திட்டீங்க."