கட்டிலை ஒட்டி ஒரு தொட்டில்

"பெல்ட் வெச்சது வேண்டாம்மா. பெல்ட் இல்லாததாக் காட்டு."

விற்பனைப் பெண் கையில் பிடித்திருந்த பெல்ட்டைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாளைப் பார்த்தாள். ஐம்பதைத் தாண்டியவர். நரைத்த முடியை இழுத்துக் கொண்டை போட்டிருந்தார். நாற்காலியை நகர்த்திப் போட்டும் உட்காராமல் விறைப்பாக நின்றுகொண்டே இருந்தார்.

"மேடம், இது பெத்தவளோட கட்டிலை ஒட்டிப் போடுற தொட்டில். பெல்ட்டால கட்டிலோட சேர்த்து இறுக்கினாத்தான் நடுவுல இடைவெளி விழாது. விழுந்தா குழந்தை அதுல சிக்கிக்கும்."

"புரியுது. ஆனா எங்க இடத்துல பெல்ட் ஆகாது."

என்ன வீடோ என்று நினைத்தபடி அவள் அடுத்த வரிசைக்குப் போனாள். "மரத்துல ஒண்ணு இருக்கு. போல்ட் போட்டு கட்டிலோட முடுக்கிடலாம்."

"கையால கழட்ட வருமா?"

"வராது. ஸ்பேனர் வேணும்."

"அப்ப அதைப் பார்க்கலாம்."

தொட்டிலின் ஒரு பக்கம் கீழே இறங்கியது. கட்டில் மெத்தையும் தொட்டில் மெத்தையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்று விற்பனைப் பெண் விளக்கினாள். அந்த அம்மாள் முழங்காலுக்குச் சற்றுக் கீழே கையை வைத்து, "கட்டில் இவ்வளவு உயரம்" என்றார்.

"கட்டிலைக் கொஞ்சம் நகர்த்தினா இன்னும் வசதியாப் போடலாம் மேடம்."

"நகராது. தரையோட பதிச்சது."

மெத்தையை அமுக்கிப் பார்த்தவர் முகம் சுளித்தார். "பச்சக் குழந்தைக்கு இவ்வளவு கெட்டியாவா?"

"கெட்டியாத்தான் இருக்கணும். மெத்துமெத்துன்னு இருந்தா முகம் புதைஞ்சு மூச்சு முட்டிடும். தலையணை, பொம்மை எதுவும் உள்ள போடக் கூடாது. மல்லாக்கத்தான் படுக்க வெக்கணும்."

"தலையணை கூடாது. மல்லாக்க" என்று அவர் பாடம் ஒப்பிப்பதுபோல முணுமுணுத்தார். பிறகு தொட்டிலின் தலைமாட்டைத் தட்டினார். "இந்தப் பக்கம் பலகை அடைச்சிருக்கு, நல்லதாப் போச்சு. ராத்திரி வெளிச்சம் கண்ணுல அடிக்காது."

"லைட்டை அணைச்சுட்டாப் போச்சு."

"அணைக்கக் கூடாது. விடிய விடிய எரியும்."

விற்பனைப் பெண்ணுக்குச் சுருக்கென்றது. அவளும் எட்டு மாதக் குழந்தைக்குத் தாய். குழந்தைக்கு எந்தச் சட்டை போடுவது என்பதைக்கூட அவளுடைய மாமியார்தான் முடிவு செய்வார். ஆனால் அந்த மாமியாரே இவருக்கு முன்னால் தேவதை போலிருக்கிறாரே.

"மருமகளையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே மேடம். படுத்து, கை எட்டுதான்னு பார்த்து வாங்கினா நல்லது."

"அவளால வர முடியாது. மூணு நாள் முன்னாடிதான் பெத்தா. நாளைக்குத்தான் ஆஸ்பத்திரியிலேர்ந்து அனுப்புறாங்க."

"உடம்பு தேறினதும் ஒருநாள் வரச் சொல்லுங்க."

"தேறினாலும் வெளிய விட மாட்டோம்மா."

குரலில் கோபமில்லை, அதிகாரமில்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் விற்பனைப் பெண்ணுக்குத் தாங்கவில்லை.

அதற்குள் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, காட்சிக்குப் போட்டிருந்த கட்டிலில் ஏறி ஒருக்களித்துப் படுத்தார். "அவளும் ஏறக்குறைய என் உயரம்தான். தொட்டிலை இப்படித் தள்ளு."

தள்ளினாள். அந்த அம்மாளின் கை நீண்டு வெறும் மெத்தையைத் தொட்டது. விரல்கள் தாமாகவே மெல்லத் தட்டிக் கொடுக்க ஆரம்பித்தன. கடையில் இன்னும் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் பொருட்படுத்தவே இல்லை.

"எட்டுது" என்றார், படுத்தபடியே. "முன்னாடி ஒருத்தி இருந்தா. தொட்டில் கிடையாது. குழந்தையைப் பக்கத்துல போட்டுக்கிட்டு, தூக்கத்துல புரண்டு நசுக்கிடுவேனோன்னு பயந்து, உட்கார்ந்தே கிடப்பா. எப்பப் போய்ப் பார்த்தாலும் முழிச்சுக்கிட்டு இருப்பா."

"மூத்த மருமகளா?"

அவர் சிரித்த மாதிரி இருந்தது. "குழந்தையோட அவ வீட்டுக்குப் போயிட்டா. நல்லா இருக்கா."

தப்பித்தாள் மகராசி என்று நினைத்துக்கொண்டாள் விற்பனைப் பெண். ஆனால் இப்போது இருப்பவள்? வியாபாரம் போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்துவிட்டாள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. தொட்டில் பத்திரமா இருந்தா மட்டும் போதாது. பெத்தவ மனசு நிம்மதியா இருக்கணும். வெளிய விடாம, லைட்டைக்கூட அணைக்க விடாம அடைச்சு வெச்சா அவ எப்படி மேடம் குழந்தையைப் பார்த்துப்பா? நீங்களும் ஒரு பொண்ணுதானே?"

சொல்லி முடித்துவிட்டுக் கல்லாப் பக்கம் பார்த்தாள். முதலாளியைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தாள். அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்து, நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு அவள் கன்னத்தை லேசாகத் தொட்டார்.

"இப்படி அவளுக்காகப் பேச ஒரு ஆள் இருக்கறது நல்லாத்தான்மா இருக்கு" என்றார். "இதையே எடுத்துக்கறேன். நாளைக்குக் காலையிலயே பெண்கள் ஜெயில் வாசல்ல இறக்கிடச் சொல்லு. அவளை அடைச்சது கோர்ட்டு. சாயங்காலமானா அந்தக் கதவைப் பூட்டுறவ நான். பூட்டிட்டுத் திரும்பி நடக்கணுமே, அதுக்குத்தான் இந்தத் தொட்டில்."