கேட்டதில் பாதி

பதினாறு ஜிபி மெமரி கேட்டவளுக்கு அவர் எட்டுதான் கொடுத்தார்.

அதில் அவருக்கு எந்த உறுத்தலும் இல்லை. அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் பல வருஷமாக நடந்துவரும் வழக்கம்தான். குளிரூட்டிய அறையில் நாலைந்து பெரிய சர்வர்களை ஒன்றாகக் கோத்து வைத்திருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குக் கிளஸ்டர் என்று பெயர். அதன் சக்தியைக் கூறு போட்டு, கேட்கிற பிரிவுக்கெல்லாம் ஆளுக்கொரு விர்ச்சுவல் மெஷின் உண்டாக்கித் தருவது அவர் வேலை. உயிர் உண்டு, உடம்பு இல்லை. அப்படி ஒரு கம்ப்யூட்டர்.

கண்ணுக்குத் தெரியாத பொருள் என்பதால் கேட்பவர்களுக்குக் கூச்சமே கிடையாது. பில்லிங்காரர் கேட்கிற மெமரியில் ஒரு பேங்கையே நடத்தலாம். வாங்கிப் போன மெஷின்களோ, சுவரில் மாட்டிய கண்காணிப்புத் திரையில் பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்கும்.

ஆகவே, கேட்டதில் பாதி. அவர் பாதியாக்குவார் என்று தெரிந்து அவர்கள் இரண்டு மடங்காகக் கேட்டார்கள். அவர்கள் இரண்டு மடங்காகக் கேட்கிறார்கள் என்று அவர் பாதியாக்கினார். முதலில் ஆரம்பித்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. முதுகுக்குப் பின்னால் அவருக்குப் ‘பாதி சார்’ என்றே பேர் நிலைத்துவிட்டது.

ரத்தப் பரிசோதனைப் பிரிவுக்கு அவள் புதிது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்த வழக்கமெல்லாம் தெரியாமல் மாடியேறி வந்தாள்.

"சார், பதினாறு கேட்டிருந்தேன். எட்டுதான் இருக்கு."

"எல்லாரும் கேட்பாங்கம்மா. ஓட்டிப் பாரு, போதும்."

"இல்ல சார். கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் கேட்டேன். குறைஞ்சா நின்னுடும்."

அவர் சிரித்தார். இந்த அறையில் நின்று கணக்குப் போட்டேன் என்று சொல்லாதவர் யார்? முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்வதில் இவள் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரி, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியில் கூட்டம் அலைமோதியது. திரையில் எல்லா மெஷினும் பச்சை. அவளுடையது மட்டும் சிவப்பு. அவர் பார்த்தார். புதுசுதானே, தானாக அடங்கும் என்று காப்பி குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது அது நின்றே போயிருந்தது. மதியம் வரை எந்த வார்டுக்கும் ரத்தப் பரிசோதனை முடிவு போகவில்லை. இரண்டு ஆபரேஷன்கள் தள்ளிப்போயின.

டைரக்டர் இருவரையும் கூப்பிட்டனுப்பினார்.

பாதி சார் படியிறங்கும்போதே அவளைத் திரும்பிப் பார்த்தார். இவளுக்கு வேலை போனால் அந்தப் பாவம் யார் தலையில் விடியும்? உள்ளே போனதும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அவள் கேட்டது பதினாறு, தான் கொடுத்தது எட்டு, தப்பு தன்னுடையது.

டைரக்டர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏம்மா, உனக்கு நிஜமாவே பதினாறு வேணுமா?"

"ஆமா சார்."

"அப்ப முப்பத்திரண்டு இல்ல கேட்டிருக்கணும்?"

அவள் விழித்தாள். "வேண்டியது பதினாறுதானே சார்?"

"வேண்டியதைக் கேட்டா வேண்டியது எப்படிக் கிடைக்கும்? இவர் என்கிட்ட ஆறு சர்வர் கேட்பார், நான் மூணு தருவேன். என்னைக்காவது சண்டைக்கு வந்திருக்காரா?"

பாதி சார் தரையைப் பார்த்தார். அவருக்கு வேண்டியது எப்போதும் மூன்றுதான்.

அவளுக்கு அனுபவம் போதாது என்று முடிவானது. வேலை போகவில்லை, நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போனது.

அன்று வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியிடம் சொன்னார். அவள் அசரவே இல்லை.

"இதுல என்ன இருக்கு? எட்டு மணிக்குக் கிளம்பணும்னா உங்ககிட்ட ஏழுன்னுதானே சொல்றேன்."

கல்யாணம் ஆன நாளிலிருந்தேவா என்று கேட்க வாயெடுத்தார். பதில் தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று விட்டுவிட்டார்.

தூக்கம் பிடிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் தன்னிடம் உள்ளதை உள்ளபடி சொன்னவள் அந்த ரத்தப் பரிசோதனைப் பிரிவுப் பெண் ஒருத்திதான். அவளையும் பொய்க்காரி என்றல்லவா நினைத்தோம்? நினைக்க நினைக்க முள்ளாய்க் குத்தியது. இனி அவள் எது கேட்டாலும், கேட்டபடி, ஒரு பொட்டுக் குறையாமல் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்த பிறகுதான் கண் அசந்தது.

இரண்டு வாரம் கழித்து அவளிடமிருந்து விண்ணப்பம் வந்தது. புதுப் பரிசோதனை ஒன்றுக்காக இன்னொரு மெஷின் வேண்டும். நாற்பது.

பழகிய கை, தானாக இருபது என்று அடித்தது. அழித்தார். கிளஸ்டரில் மிச்சம் இருந்ததே ஏறக்குறைய நாற்பதுதான். மற்ற இரண்டு பிரிவுகளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு நாற்பதையும் அவளுக்கே ஒதுக்கினார். மனசு பஞ்சாய் லேசானது.

சாயங்காலத்துக்குள் அவளே மாடியேறி வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று எழுந்து, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவள் உட்காரவில்லை. அழுகிற முகமாக இருந்தது.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? மொத்தத்தையும் நானே வாரிக்கிட்டேன்னு எல்லாரும் திட்டறாங்க. எனக்கு வேண்டியது இருபதுதான். உங்களை நம்பித்தானே சார் நாற்பது கேட்டேன்?"